சொங்காக் பலகையில் ஒரு பசு

எழுபதுகளின் கடைசியில், கேலாங் சமூக மன்றத்தில் நடந்த சொங்காக் போட்டியில் நான் ஒருவன்தான் தமிழன். சொங்காக் மலாய்க்காரர்களின் ஆட்டம். நம் பல்லாங்குழிக்கு நெருங்கிய உறவு. ஒரு சுற்றாவது ஜெயிக்க வேண்டுமென்று விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எதையும் அப்படித்தான் கற்றுக்கொள்வேன்.

எதிரே ஒரு மலாய் மாது. பாதி ஆட்டம்வரை நான்தான் முன்னால் இருந்தேன். அப்போது அவர் போட்டுக்கொண்டு போன காய் ஒன்று விழுந்து, என் குழியில் நான்கு சேர்ந்தது. பல்லாங்குழியில் நான்கு சேர்ந்தால் பசு; குழிக்குரியவர் உடனே அள்ளிக்கொள்ளலாம். கை சும்மா இருக்குமா? அள்ளிவிட்டேன்.

"என்ன இது?" என்று மலாயில் கேட்டார்.

"பசு" என்றேன், நானும் மலாயில்.

மண்டபமே சிரித்தது. கூட வந்த நண்பன், "டேய், மானத்த வாங்காத லா! திருப்பிப் போடு!" என்று கத்தினான். நடுவர் காய்களைத் திருப்பிப் போடவைத்து, ஒரு முறை ஆடக்கூடாதென்றும் சொல்லிவிட்டார். அதிலேயே தோற்றேன்.

எழுந்தபோது அந்த மாது என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உட்காரு தம்பி. இப்போ உங்க ஆட்டம் ஆடலாம், சொல்லிக்கொடு."

சொல்லிக்கொடுத்தேன். அதிலும் அவரே ஜெயித்தார்.