நிறுத்தச் சொன்ன இயந்திரங்கள்

அங்கமுத்து அய்யா காலமான செய்தி எனக்கு ஓர் உத்தரவோடு வந்தது. "அப்பா போயிட்டாருங்க சிஸ்டர். மிஷினை எல்லாம் நிறுத்தீருங்க" என்றார் போனில் அவருடைய மூத்த மகன். முதலாளி வீட்டில் சாவு என்றால் பனியன் கம்பெனியில் ஒரு மிஷின்கூட ஓடாது. அதுதான் திருப்பூரில் மரியாதை. பனியன் கம்பெனி நடத்தும் அந்தப் பழக்கத்தில், அழுகைக்கு நடுவே சொல்லிவிட்டார். நான் இருந்ததோ நல்லூரில் அய்யா நடத்திவந்த இலவச டயாலிசிஸ் மையத்தில். எல்லாக் கட்டிலிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய ரத்தம் குழாய்களில் ஓடிக்கொண்டிருந்தது.

இனி மையத்தை நடத்துவதா மூடுவதா என்று முடிவெடுக்கப்போகிறவர் அவர்தான். அவரிடம் முதல் பேச்சிலேயே எப்படி மாட்டேன் என்பது?

அஞ்சலி செலுத்த வந்திருக்கும், அய்யாவை அறிந்த நீங்கள் அவரைத் தைரியசாலி என்பீர்கள். கம்பெனியை மகன்களிடம் கொடுத்துவிட்டு, வயதான காலத்தில் தெரியாத வேலையில் துணிந்து இறங்கினாரே என்பீர்கள். நான் பார்த்தவரை அவர் சரியான பயந்தாங்கொள்ளி. கரண்ட் போனால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஜெனரேட்டரிடம் ஓடுவார். அது ஓடத் தொடங்கிய பிறகும் அங்கேயே நிற்பார்.

"ஏனுங்கய்யா இத்தனை பயம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"எங்க கட்டிங் மாஸ்டர் டயாலிசிஸுக்குக் கோயமுத்தூர் போயிட்டு வந்துட்டிருந்தாரு கண்ணு. ஒரு நாள், ஷிப்மென்ட் போகட்டும், நாளைக்குப் போய்க்கலாமுன்னு சொன்னேன். மொதலாளி சொல்றாரேன்னு இருந்துட்டாரு. விடிஞ்சா ஆளில்லை. பயம் உட்டுப்போச்சுன்னா மறுக்காவும் அப்படிச் சொல்லீருவேன்" என்றார்.

போனில் மகன் காத்திருந்தார். "சட்டுனு நிறுத்தினா ரத்தம் குழாயிலயே உறைஞ்சு போயிருமுங்க. உங்க அம்மா போனன்னிக்கு அய்யா மயானத்துல இருந்து போன் பண்ணி, மிஷின் ஓடுதான்னுதானுங்க கேட்டாரு" என்றேன்.

"ஓடட்டுங்க" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

ஊசியைக் கழற்றும்போது, தையல் வேலைக்குப் போகும் ஓர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யா இல்லீங்களே. அடுத்த தடவை வரலாமுங்களா?"

"வாங்கக்கா" என்றேன். மையம் தொடருமா என்று இன்றுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அய்யாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பயம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் கதவைத் திறக்கிறேன்.