ஆட்டம் பொறுக்காத ஐயாதுரை

ராஜபாளையத்து மில்லில் எந்த மெஷின் ஆடினாலும் "ஐயாதுரையைக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் மெஷின்மேல் உள்ளங்கையை வைப்பார். கட்டை கொடுத்து, போல்ட்டை முறுக்கி, ஆட்டத்தை அடக்கிவிட்டுத்தான் டீ குடிப்பார். வீட்டுக் கட்டில் கிறீச்சிட்டால்கூட மனுஷனுக்குத் தூக்கம் வராது.

தொண்ணூறுகளில் ஓர் எண்ணெய் ஆலைக்கு மாறினார். லாரியிலிருந்து இறங்கும் எண்ணெயைக் குழாயில் ஓடும்போதே எடைபோட, அங்கே ஒரு புது மீட்டர் வந்தது. ஐயாதுரை கை வைத்துப் பார்த்தார். உள்ளே மெல்லிய நடுக்கம். பொறுக்குமா அவருக்கு? அன்றைக்கே அடியில் கட்டை செருகி, இரும்புப் பட்டை போட்டுப் பக்கத்துப் பம்ப்பு மேடையோடு இறுக்கிவிட்டார். பார்த்தவர்களெல்லாம் அதுவும் மீட்டரோடு வந்த சாமான் என்றே நினைத்தார்கள்.

அடுத்த வாரமே கணக்கு உதைத்தது. சேத்தூர் டிரைவர் மதார் சாகிப் லாரியில் கொண்டுவந்த எண்ணெய், ஏற்றிய எடையைவிடக் குறைவாகக் காட்டியது. மறு லோடும் அப்படியே. "வழியில வடிச்சிருப்பான்" என்று முதலில் வாயைத் திறந்தவரே ஐயாதுரைதான். அத்தனை வருஷம் கை சுத்தமாக ஓட்டியவன், பாவம். மூன்றாவது லோடோடு வந்து நின்றவனிடம், இதை இறக்கிவிட்டுப் போ, இனி வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்றைக்கே மீட்டரைச் சோதிக்க வந்த இன்ஜினியர் சத்தியநேசன், ஆபீஸ் வாசலில் ஒரு ரப்பர் குழாயை வளைத்துப் பிடித்து ஆட்டிக் காட்டினார். வெறும் குழாய் சீராக ஆடியது. தண்ணீர் ஓடியதும் ஒரு பக்கம் முந்தி, மறு பக்கம் பிந்தி, முறுக்கிக்கொண்டது.

"மீட்டருக்குள்ள இருக்க குழாயும் இப்படித்தான் ஆடிக்கிட்டே இருக்கும். எம்புட்டு முறுக்குதோ, அதை வச்சுத்தான் எடை. வெளி ஆட்டம் உள்ள போனா அளவு கெட்டுரும்."

பம்ப்பின் ஆட்டத்தை மீட்டருக்குள் ஏற்றுவது தான் போட்ட பட்டைதான் என்று ஐயாதுரைக்குப் புரிந்தது. இப்போதே ஓடிப்போய்க் கழற்றினால் யாருக்கும் தெரியாது. ஆனால் மதாரின் திருட்டுப் பேர் அப்படியே நிற்கும். அவர் கேட்டுக்குப் போய், இன்னும் இறக்காத லாரியருகே நின்ற மதாரைக் கையோடு அழைத்து வந்தார்.

"இந்தப் பட்டையைப் போட்டது நாந்தான், முதலாளி. இவனைத் திருடனாக்குனதும் நாந்தான்."

எல்லார் முன்னாலும் பட்டையைக் கழற்றினார். சத்தியநேசன் மீட்டரைச் சரிபார்த்ததும் எண்ணெய் இறங்கியது. எடை அச்சாக ஒத்துப்போனது. மதார் வந்து ஐயாதுரையின் கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, கை இப்படி ஆடுதே."

"ஆடட்டும்ப்பா," என்றார் ஐயாதுரை.