இல்லை என்று சொல்லாத கடைக்காரர்

கரும்பலகையில் இலக்கணம் எழுதிப் போட்டால் வளர்ந்த ஆட்கள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். இது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. எண்பதுகளின் கடைசி அது. பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், கடைகள் திறக்கும் முன் காலை ஆறு மணிக்கு, ஆங்கில வகுப்பு நடத்தினேன். மொத்தம் ஏழு பேர். விசைத்தறிக்காரர் இருவர், வளைகுடாவுக்கு விசா பார்த்துக்கொண்டிருந்த, பக்கத்துப் பரளச்சி கிராமத்துக்காரர் ஒருவர், இப்படி. ஏ, பி, சி தாண்டாதவர்கள்.

தூக்கத்தைக் கலைக்கத்தான் விளையாட்டைக் கொண்டுவந்தேன். அதில் கடை விளையாட்டுக்குத்தான் கிராக்கி. சோப்பு உறை, தீப்பெட்டி, டீத்தூள் அட்டை எல்லாம் வெட்டிச் சீட்டாக்கி ஆளுக்கு ஆறு கொடுப்பேன். ஒருவர் "டூ யூ ஹேவ் சுகர்?" என்று கேட்க வேண்டும். சீட்டு இருந்தால் "யெஸ்" சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் "நோ". வேறு எதைச் சொன்னாலும் அவுட். சுவரோரம் போய் நிற்க வேண்டும்.

தினமும் முதலில் சுவரோரம் போனவர் மளிகைக்கடை அண்ணாச்சி. ஐம்பதைத் தாண்டியவர். சீட்டு இல்லாதபோதெல்லாம் அவர் வாயிலிருந்து "டுமாரோ கம்" என்றுதான் வரும்.

"நோ சொல்லுங்க அண்ணாச்சி."

"வேணாம் சார். கடையில உக்காந்துகிட்டு இல்லைங்கிற வார்த்தையச் சொல்லக் கூடாது. நாளைக்கு வரும்னுதான் சொல்லணும். வீட்ல அரிசி தீந்துட்டாக்கூட எங்க வீட்டம்மா நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது, மூக்கின் மேல் கோபம். "இது உங்க கடை இல்லை, என் கிளாஸ். நோ சொல்லத் தெரியாதவங்க எதுக்கு இங்கிலீஷ் படிக்கணும்?" என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து சுவரோரம் போய் நின்றார்.

அவர் எதற்குப் படிக்க வந்தார் என்பதை மறுநாள் தறிக்காரர் ஒருவர் சொன்னார். அண்ணாச்சியின் மனைவிக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு. மாதாமாதம் மெட்ராஸுக்குக் கூட்டிப்போகிறார். அங்கே பார்ப்பவர் வடக்கத்தி டாக்டர், தமிழ் தெரியாது. டாக்டர் ஐந்து நிமிடம் பேசுவதை நர்ஸ் ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடுகிறார். ஒரு தடவையாவது தன் வாயால் கேட்டு, தன் காதால் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அண்ணாச்சியின் ஆசை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவருக்காகவே டாக்டர் விளையாட்டு ஒன்று ஏற்பாடு செய்தேன். "வில் ஷீ பி ஆல்ரைட், டாக்டர்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் டாக்டர்கள். தகர டப்பாவிலிருந்து பதில் சீட்டு எடுத்து எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். "யெஸ், ஷீ வில்." "கிவ் திஸ் டேப்லட்." "கம் நெக்ஸ்ட் மன்த்." பதில்களை எழுதியவன் நான். ஒரு சீட்டில்கூட "நோ" எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் "தேங்க்யூ டாக்டர்" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

அடுத்த முறை மெட்ராஸ் போய்வந்த மறுநாள் காலையில், வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்து படியில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டீங்களா அண்ணாச்சி?"

"கேட்டேன் சார். நர்ஸம்மா வாயத் தொறக்கும் முன்னாடியே கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கம் நெக்ஸ்ட் மன்த், லெட் அஸ் ஸீ. அம்புட்டும் வெளங்குச்சு சார்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம சீட்டுல இருந்த மாதிரியே சொல்லியிருக்காங்க! அடுத்த மாசம் வரச் சொன்னா நல்ல சேதிதானே?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முப்பது வருசமா கடையில நிக்கிறேன் சார். இல்லாத சாமானுக்கு நாளைக்கு வாங்கன்னு எம்புட்டுப் பேருகிட்டச் சொல்லியிருப்பேன். சொல்லும்போது மொகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியாதா? அந்த டாக்டரு மொகமும் அப்படித்தான் போச்சு. பாவம், நல்ல மனுசன்."

அவரை அழக்கூட விடாமல், மேலே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்த மாதம் அவர்கள் மெட்ராஸ் போக வேண்டியிருக்கவில்லை. அதற்குள் அந்த அம்மா இறந்துவிட்டார். நான் அவரைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அன்று என் வீட்டு ஆள் போனதுபோல அழுதேன். தகர டப்பாவிலிருந்த சீட்டுகளை அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன். கடைச் சீட்டுகளை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் வெளியே எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு காலையில் அண்ணாச்சி வகுப்புக்கு வந்தார், மழிக்காத தாடியோடு. இனி அவருக்கு ஆங்கிலம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பலகையில் நான் எழுதுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"என்ன சார், கடை வெளையாட்டு இல்லையா?"

இனி அதை ஒருநாளும் விளையாடப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும், "நாளைக்கு வைப்போம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "சரி சார்" என்று சொல்லி நோட்டைப் பிரித்துக்கொண்டார்.