துணைச் சாவி

இரண்டு. இந்த மனிதரைப் பற்றி வேறு எது மறந்தாலும் இந்த எண் மறக்கக் கூடாது. லாரியிலிருந்து இறங்கியதும் கதவைச் சாத்துகிறார். திறந்து இன்னொரு முறை சாத்துகிறார். சட்டைப் பையில் இரண்டு பேனா. கால்சட்டைப் பையில் இரண்டு கைக்குட்டை. சீப்பும் இரண்டு, காதுக்கு மேலே மட்டும் மிச்சமிருக்கும் முடிக்கு ஒரு சீப்பே ஆடம்பரம். கேட்டால், "ஒண்ணுக்கு ஒண்ணு துணை" என்பார். சரக்கு யார்டில் அவருக்கு ரெட்டை என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அதுவும் இரண்டாவது முறை கூப்பிட்ட பிறகு.

மாற்றுப் பொருளை வேறு இடத்தில் வைப்பது ஊர் வழக்கம். ரெட்டை இரண்டையும் ஒரே இடத்தில்தான் வைப்பார். தள்ளி வைத்தால் அது எப்படித் துணையாகும்? மூக்குக் கண்ணாடிகள் இரண்டும் ஒரே பையில் இருந்தன. ஒரு நாள் அதன்மேல் உட்கார்ந்தார். "ரெண்டும் சேர்ந்தே போயிடுச்சுப்பா" என்று, ஏதோ அவை பேசி வைத்துக்கொண்டு ஓடிப்போனதுபோல, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சங்கத்திலும் அதே கொள்கை. யார்டில் முன்வாசல் சங்கம் ஒன்று, பின்வாசல் சங்கம் ஒன்று. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதற்கு நெஞ்செரிச்சல். ரெட்டை இரண்டிலும் உறுப்பினர். இரண்டு கார்டையும் முதுகோடு முதுகு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். முன்வாசல்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த அன்று அவர்களிடம் போய் உறையை நீட்டினார். காற்றில் அது திரும்பிக்கொண்டது. "அந்தப் பக்கத்து ஆளா நீ? போ அங்க" என்றார்கள். பின்வாசலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் உறையில் முன்வாசல் கார்டைப் பார்த்துவிட்டு, "வேவு பாக்க வந்தியா?" என்றார்கள். வேலையும் இல்லை, போராட்டமும் இல்லை. பகல் முழுக்கப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு சங்கங்களும் ஒற்றுமையாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

வண்டி பழையது. ஆனால் சாவியின் தலையில் சிப் வைக்கத் தொடங்கிய பிறகு வந்த வண்டி. சாவித் துவாரத்தைச் சுற்றி வளையம்போல ஒரு சென்சார். சாவியை நுழைத்தால் அது சிப்பைப் படிக்கும். நம்ம ஆள் என்று தெரிந்தால்தான் எஞ்சினுக்கு டீசல் போகும். தெரியாவிட்டால் டாஷ்போர்டில் சாவி வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். செல்ஃப் மோட்டார் கத்திக் கத்திச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அந்த வண்டியின் மாற்றுச் சாவி வெகு காலம் மேலாளரின் மேசை டிராயரில் கிடந்தது. "அங்க தனியா கெடந்தா தொலைஞ்சிடும் சார்" என்று கேட்டு வாங்கி, ரெட்டை தன் வளையத்திலேயே அதையும் கோத்துக்கொண்டார். மனசு நிம்மதியானது.

அதற்குப் பிறகு சிவப்பு விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது.

எல்லா நாளும் இல்லை. சில நாள் நல்ல பிள்ளையாகக் கிளம்பும். சில நாள் சரக்கை ஏற்றிக்கொண்டு, பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்க, வாசலுக்கு நடுவே நிற்கும். ரெட்டை சாவியை எடுத்து ஊதுவார், சட்டையில் துடைப்பார், ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்து, "கோவிச்சுக்காதடா" என்பார். மேலாளர் ஒரு வெள்ளிக்கிழமை கேபின் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"திங்கக்கிழமை காலைல என் கண்ணு முன்னால, முதல் சுத்துலயே ஸ்டார்ட் ஆகணும். ஆகலைன்னா வண்டி பழைய இரும்புக்கு. நீங்க கேட்டுக்கு."

கேட்டுக்கு என்றால், வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் ஓட்டி வரும் வண்டிகளுக்குச் சங்கிலியை இறக்கி ஏற்றுவது. கியர் பிடித்த கைக்குச் சங்கிலி. போகிற வருகிற டிரைவரெல்லாம் "என்னண்ணே, சௌக்கியமா?" என்று மேலேயிருந்து குனிந்து கேட்பான். அந்தக் குசலத்தை நினைத்தே ரெட்டைக்கு அன்று இரண்டு சாப்பாட்டு டப்பாவும் இறங்கவில்லை.

மனைவியின் தம்பி வண்டி எலக்ட்ரீஷியன். வாய் பெரியது, பட்டறை சிறியது. ஏற்கெனவே இரண்டு முறை இந்த வண்டியைச் 'சரிபண்ணி' அனுப்பியவன் அவன்தான். முதல் முறை பேட்டரி முனையைச் சுரண்டினான், கிளம்பியது. அடுத்த முறை ஃபியூஸை மாற்றினான், கிளம்பியது. பட்டறையில் அவன் கைக்கு எப்போதும் கிளம்பும். மறுநாள் யார்டில் மாமா கைக்குக் கிளம்பாது. சனிக்கிழமை மூன்றாம் வைத்தியம். ஸ்டியரிங் மூடியைக் கழற்ற வேண்டும். "இந்தக் கொத்து கையில இடிக்குது மாமா" என்று, வழக்கம்போல ஒரு சாவியை மட்டும் வளையத்திலிருந்து உருவிக்கொண்டான். சென்சார் ஒயருக்கு ஈயம் வைத்துப் பற்றவைத்தான். திருகினான். எஞ்சின் பிடித்தது.

"பாத்தீங்களா? கை பட்டா போதும்."

ரெட்டை சாவியை வாங்கி வளையத்தில் கோத்து, தானே ஏறித் திருகினார். சிவப்பு விளக்கு. துணி எடுக்கப் போகிற வழியில் பட்டறைக்கு வந்திருந்த அவர் மனைவி, டயர்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரி, பிசிறு கண்ணுக்குத் தப்பாது.

"ஏங்க, இவன் திருகுனா எடுக்குது. நீங்க திருகுனா எடுக்கல. வண்டிக்கு உங்க மேல அப்படி என்ன கோவம்?"

"அது சென்சார் கோளாறு. உனக்குப் புரியாது."

"நீ சும்மா உக்காருக்கா" என்றான் தம்பி. "இது எலக்ட்ரிக்கல் சமாச்சாரம்."

"உக்காந்துதாண்டா இருக்கேன். நீ ஒத்தச் சாவியப் போடற. இவர் ரெட்டைச் சாவியப் போடறார். அத்தனைதான் எனக்குத் தெரியுது."

தம்பி வளையத்தை வாங்கினான். மாற்றுச் சாவியைக் கழற்றித் தூரப் போட்டுத் திருகினான், பிடித்தது. அணைத்துவிட்டு, மாற்றுச் சாவியை ஒட்டிப் பிடித்துத் திருகினான், விளக்கு சிமிட்டியது.

"மாமா... ஒட்டித் தொங்கற நாள்ல ரெண்டு சிப்பும் ஒரே நேரத்துல பேசுது. யார் பேச்சக் கேக்கறதுன்னு அதுக்குக் குழப்பம்."

"ரெண்டும் நம்ம சாவிதானடா. எது பேசினா என்ன?"

"சங்கத்து கார்டு ரெண்டும் கூட உங்களோடதுதான்" என்றார் மனைவி.

ரெட்டை இரண்டு சாவியையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அப்ப சென்சாருக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டார். குரலில் ஏமாற்றம். மாற்றுச் சாவி அன்றே மனைவியின் தையல் மிஷின் டிராயருக்குப் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை மேலாளர் கைகட்டி நின்றார். இரண்டு சங்கத்து ஆட்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ரெட்டை ஏறி உட்கார்ந்தார். வளையத்தில் ஒற்றைச் சாவி. அதைப் பிடித்த விரல்கள் பக்கத்தில் எதையோ தேடித் தடவின. பிறகு திருகினார். முதல் சுற்றிலேயே எஞ்சின் உறுமிப் பிடித்தது. முன்வாசலில் ஒருவன் விசிலடித்தான். பின்வாசல்காரன் அவனைவிடப் பலமாக அடித்தான்.

"சரி, ஓட்டுங்க" என்றார் மேலாளர். "என்னதான் கோளாறு?"

"சென்சார்தான் சார். பாத்தாச்சு."

எதிர்த்துப் பேச வாயில்லாதவர்மேல் குற்றத்தைப் போட்டால் விசாரணை சீக்கிரம் முடியும். இந்த விவகாரத்தில் ஒழுங்காக வேலை பார்த்தது அந்தச் சென்சார் ஒன்றுதான்.

அன்று சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சாவி வெட்டும் கடை வாசலில் அந்த லாரி நின்றது. ரெட்டை வளையத்தைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

"இதே மாதிரி வெட்டணும். சிப்பு கிப்பு எதுவும் வேணாம். வெறும் இரும்பு."

"சிப் இல்லன்னா கதவ மட்டுந்தாண்ணே தெறக்கும். வண்டிய எடுக்காது."

"எடுக்க வேணாம்ப்பா. கூட இருக்கட்டும்."

கடைக்காரர் மிஷினை ஓடவிட்டார். சத்தத்துக்கு மேலே தலையைத் தூக்கி, எத்தனை என்று கேட்டார். ரெட்டை விரலைக் காட்டினார்.

இரண்டு.