தென்காசியிலிருந்து ஜனக்பூர்: செவ்வாயில் கிளம்பாமல் செவ்வாயில் ரயிலேறியது

போன கார்த்திகையில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேர் தென்காசியில் ரயிலேறி நேபாளத்து ஜனக்பூர் வரைக்கும் தண்டவாளத்திலேயே போய் வந்தோம். என் அண்ணன் மகன் ராணுவத்தில் இருக்கிறான். தர்பங்காவில் நர்ஸாக வேலை பார்க்கும் ஜனக்பூர்ப் பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போய், இரண்டு வீட்டாரும் பேசி முடித்து, பெண் வீட்டிலேயே கல்யாணம் என்று ஆனது. அண்ணன் தவறிவிட்டார். மாப்பிள்ளைக்கு அம்மாவான என் மதினி செண்பகம், மூன்றாம் முடிச்சுப் போடவேண்டிய அவர் மகள் முத்துச்செல்வி, நான், என் மனைவி, இவ்வளவுதான் எங்கள் கூட்டம். மதினிக்குக் காதில் ஆபரேஷன் ஆகியிருப்பதால் விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் ரயில்.

நான் தேங்காய் வியாபாரி. பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கித் தொடங்கியவன். லோடு ஒரு நாள் பிந்தினால் விலை கொஞ்சம் அடிபடும், அவ்வளவுதான். கல்யாணம் அப்படியில்லை. எங்கள் பாதையில் ஆபத்தான இடம் எல்லை அல்ல, சென்னைதான். தென்காசியிலிருந்து மாலையில் ஏறினால் சுமார் 650 கிலோமீட்டர், காலையில் எழும்பூர். அங்கிருந்து வேறு ஸ்டேஷனுக்குப் போய் பீகார் வண்டியைப் பிடிக்க வேண்டும். அந்த வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான், எங்களுக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. புதன் மாலை கிளம்பினால் இடைவெளி நான்கு மணி நேரம்கூடக் கிடையாது. இரண்டு டிக்கெட்டையும் இணைத்து வைத்துக்கொண்டால், முதல் வண்டி பிந்தும்போது நிபந்தனைக்கு உட்பட்டுப் பணம் திரும்ப வரும். பணம்தான் வரும், முகூர்த்தம் வராது. ஆகவே செவ்வாயே கிளம்பி ஒரு நாள் சென்னையில் தங்கலாம் என்றேன்.

மதினி ஒரே பிடியாக நின்றார்.

"நல்ல காரியத்துக்குச் செவ்வாய்க்கிழமை வீட்டை விட்டு எறங்கவா? நீங்க வேணா போங்க கொழுந்தப்புள்ள, நான் வரல."

வாக்குவாதம் செய்தால் அவர் வாய் மூடிக்கொள்வார், மனம் மாறாது. அதனால் பழைய பரஸ்தான வழக்கத்தையே கையில் எடுத்தேன். பயண நாள் சரியில்லை என்றால், நல்ல நாளில் பெட்டியோடு வீட்டை விட்டு இறங்கி வேறு இடத்தில் இருந்துகொள்வது; அப்புறம் எந்தக் கிழமை வண்டியேறினாலும் தோஷமில்லை. திங்கட்கிழமை ராகுகாலம் கழிந்து, கீழப்பாவூர் வீட்டைப் பூட்டிவிட்டு, இருபது கிலோமீட்டரில் இருக்கிற குற்றாலத்தில் ரூம் போட்டோம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டிய பயணத்தின் முதல் இரவு குற்றாலத்தில்! என் மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள்.

கார்த்திகை மாதம் குற்றாலத்தில் ரூம் கிடைப்பது லேசில்லை. ஐயப்ப சாமிமார் கூட்டம். சாதாரண ரூம் ஒன்றுக்கு 1,400 ரூபாய், இரண்டு எடுத்தோம். மெயினருவியில் தண்ணீர் கலங்கலாக இறங்கிக் குளிக்கத் தடை. சாமிமார் சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாட்ஜில் அடையாள அட்டை கேட்டபோது மதினி ஆதாரை நீட்டினார்.

"வோட்டர் கார்டு எங்க மதினி?"

"பையில கெடக்கு. எடுத்துக்கிடலாம்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. நேபாள எல்லையில் நம்மிடம் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கேட்பார்கள். ஆதார் சின்னப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும்தான் செல்லும்; நடுத்தர வயதுக்காரருக்கு அது மட்டும் போதும் என்று நம்பிப் போகக்கூடாது. மதினியிடம் பாஸ்போர்ட் கிடையாது.

காலையில் டீக்கடையில் முத்துச்செல்வி என் பக்கத்தில் வந்து நின்றாள். "சித்தப்பா, கார்டு பீரோவுலயே இருக்காம். அம்மா எங்கிட்ட இப்பதான் சொல்லுதா."

"நேத்தே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா திரும்பிப் போகணும்பீங்கன்னு பயம்."

மதினி டம்ளரைக் கீழே வைத்தார். "வாசல் தாண்டி எறங்கியாச்சு. திரும்ப உள்ள போனா எம்புள்ளைக்கு ஆகாது. நீங்க மூணு பேரும் எல்லையத் தாண்டிப் போங்க. நான் இந்தப் பக்கமே இருந்துக்கிடுதேன். முடிச்சுப் போடத்தான் இவ இருக்காள்லா."

மகனுக்கு ஆகாது என்பதற்காக மகன் கல்யாணத்தையே விட்டுக்கொடுக்கத் தயாராகி, அதை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் இந்த அம்மா வந்திருக்கிறார். நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். "நீங்களும் எறங்குன ஆளுதானே" என்றார்.

பக்கத்து பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்த ஆட்டோக்காரர் இசக்கி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, கல்யாணத்துக்குப் போறவங்கதானே திரும்பக்கூடாது? எனக்கு யாரும் பத்திரிகை வைக்கலையே. சாவியத் தாங்க."

"முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட வீட்டுச் சாவியா?" என்றாள் என் மனைவி.

"ஆச்சியோட கார்டை வச்சு நான் என்ன ஓட்டா போடப்போறேன்?"

"யாருலே ஆச்சி? அக்கான்னு கூப்பிடு" என்றார் மதினி. அன்று காலையில் அவர் முகம் முதன்முதலாகத் தெளிந்தது அப்போதுதான்.

யோசனை சரிதான், ஆனால் சாவியைக் கொடுப்பதில் நான் வியாபாரி. பக்கத்து வீட்டுப் பார்வதியைப் போனில் கூப்பிட்டு, இசக்கியின் முகத்தையும் வண்டி நம்பரையும் வீடியோவில் காட்டினேன். கதவைத் திறப்பது பார்வதி, பீரோவைத் திறப்பது பார்வதி, இசக்கி வாசலிலேயே நிற்க வேண்டும். போக வர 800 ரூபாய் பேசினோம். பதினோரு மணிக்குக் கார்டு வந்துவிட்டது. கூடவே பார்வதி ஒரு முழம் பிச்சிப்பூவும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

அன்று மாலை தென்காசியில் ஏறினோம். வழியில் மழை, தண்டவாளத்தில் தண்ணீர். எழும்பூர் போய்ச் சேரும்போது மறுநாள் பகல் பன்னிரண்டு. இதுவே வியாழனாக இருந்திருந்தால் பீகார் வண்டி போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். மதினி என்னைப் பார்த்தார். வியாழன் சென்னையில் ஏறி சனிக்கிழமை தர்பங்கா, ராத்தங்கல். ஞாயிறு காலை எழுபது கிலோமீட்டரில் ஜெயநகர். அங்கே இந்திய ஸ்டேஷனை ஒட்டியே நேபாள ரயிலின் ஸ்டேஷன். கார்டைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், ஏறச் சொன்னார்கள். சாதாரண வகுப்பில் ஆளுக்கு நூறு ரூபாய்க்குள்தான். முப்பது கிலோமீட்டருக்குள் ஜனக்பூர்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாரம் ஒருமுறை ஓடும் வண்டியை நடுவில் வைத்து, மற்ற டிக்கெட்டுகளை அதற்கு இரண்டு பக்கமும் போடுங்கள்; அதற்கு முன்னால் ஒரு முழு நாள் சும்மா கிடக்கட்டும். அடையாள அட்டையை டிக்கெட் எடுக்கும் அன்றே கையில் வாங்கிப் பாருங்கள், "இருக்கு" என்ற சொல்லை நம்பாதீர்கள். நேபாளத்தில் நம் பெரிய நோட்டுகளை வாங்கத் தயங்குவார்கள், நூறு ரூபாய்த் தாள்களாகக் கொண்டுபோங்கள். நேபாளக் கடிகாரம் நமக்குப் பதினைந்து நிமிடம் முந்தி ஓடும், பலர் திரும்பும் வண்டியை விடுவது இதனால்தான். எல்லை விதிகளும் ரயில் நேரமும் மாறும், கிளம்புமுன் விசாரியுங்கள். கூட வருகிறவர்களின் நாள் நட்சத்திரத்தையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை நீங்கள் மதிக்கமாட்டீர்கள் என்று பட்டால் அவர்கள் உங்களிடம் எதையும் மறைக்கத் தொடங்கிவிடுவார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான்.

கல்யாணம் திங்கள் இரவு. போய்ச் சேர்ந்ததிலிருந்து ஞாயிறு முழுக்க மதினி பெண் வீட்டு அடுக்களையில் இருந்தார். அவருக்கு மைதிலி தெரியாது, சம்பந்தி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் கத்தரிக்காய் நறுக்கியபடி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் இரவு சடங்கு தொடங்கியதும், கணவனை இழந்தவர் முன்னால் வரக்கூடாது என்ற நம் ஊர்ப் பழக்கத்தில் மதினி கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். சம்பந்தி அம்மா திரும்பித் திரும்பித் தேடி, எழுந்து வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். முந்தின நாள் ஒன்றாகக் காய் நறுக்கிய மதினியைக் கைபிடித்து இழுக்க அந்த அம்மாவுக்குக் கூச்சமே இல்லை.