கையுறை மாற்றியதாக எழுதியவள்

செத்த மாட்டைத் தொட செல்வப்பிரியா ஒருநாளும் தயங்கியதில்லை. வேலந்தாவளம் பக்கம் ஆறு கறவை நின்ற வீட்டில் பிறந்தவள். நுண்ணுயிரியல் படித்து, கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வெழுதி, போலீஸின் தடய அறிவியல் பிரிவில் சேர்ந்து இடுக்கிக்கு வந்தபோது வயது இருபத்தெட்டு. அடுத்த ஆறு வருடத்தில் இருபத்திரண்டு வழக்குகளில் சாட்சி சொன்னாள். எல்லாவற்றிலும் தண்டனை. அவள் எழுதிய தாளில் ஓட்டை இருக்காது என்று வக்கீல்களிடம் பேர் இருந்தது.

அந்த ஆடி மாதம் சக்குபள்ளத்தை அடுத்த ஓர் ஏலத்தோட்டத்தில் நாலு நாளில் முதலாளியின் ஏழு மாடுகள் செத்தன. மூக்கில் வழிந்த ரத்தம் உறையவே இல்லை. கொட்டகையில் சாணி அள்ளும் ஆனந்திக்குக் கழுத்தில் கறுத்த புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ் என்று கால்நடை டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. மூன்று வாரத்துக்கு முன்பு அதே கொட்டகையில் மாடு பார்த்த சுருளிவேல் என்பவரை மேனேஜர் எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்து வேலையிலிருந்து விரட்டியிருந்தார். போகும்போது சுருளி, "இந்தக் கொட்டகை வெளங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாடுகள் விழுந்ததும் அந்த வார்த்தை போலீசுக்குப் போனது. மறுநாள் டி.வி.யில் 'உயிரித் தாக்குதல்' என்று ஓடியது.

செல்வப்பிரியா காலையிலிருந்து மழையில் நின்று செத்த மாடுகளிலிருந்து மாதிரி எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழாவது மாட்டுக்கு வந்தபோது கையிலிருந்ததுதான் கடைசி ஜோடிக் கையுறை. அதை முடிக்கும்போது இன்ஸ்பெக்டர் ஜின்சன் மேட்டிலிருந்து மலையாளம் கலந்த தமிழில் கூப்பிட்டார்.

"பிரியா, வேகம் வரணும். சுருளி வீட்ல ஒரு டின் கிட்டியிருக்கு. சேனல்காரங்க எல்லாம் வெளிய நிக்குது."

"க்ளவுஸ் தீந்துபோச்சுங்க சார். ஆபீசிலிருந்து வரணும்."

"அது வர்றதுக்கு ரெண்டு மணிக்கூறு ஆகும். கையில இருக்கறத வெச்சு எடு."

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் சுருளியின் மனைவி மாரித்தாய் வாசலில் நின்றாள். "எலும்புத் தூளும்மா. அவரைக்கொடிக்குப் போடுறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். செல்வப்பிரியா அதே கையுறையை ஸ்பிரிட்டால் துடைத்தாள். அந்தக் கிருமியின் வித்து ஸ்பிரிட்டுக்குச் சாகாது என்று அவளுக்குத் தெரியும். துடைத்த கையோடு டின்னைத் திறந்து, மேல்தூளைத் தொட்டுப் பார்த்து, மூடிச் சோதனைக்கு அனுப்பினாள். படிவத்தில், ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறை மாற்றப்பட்டதா என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதினாள்.

பதினோராம் நாள் முடிவு வந்தது. டின்னில் அதே கிருமி. அதே வாரம் ஆனந்தி இறந்தாள். சுருளி கொலைகாரர் ஆனார்.

லாக்கப்பில் அவர் உள்ளங்காலில் அடித்தார்கள். காதோடு சேர்த்து அறைந்ததில் இடது காது போனது. கீழே சதுப்பில் முதலாளி குளம் வெட்டியபோது பழைய மாட்டெலும்பு கிளம்பியது, அதைப் பாருங்கள் என்று அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. லயத்தில் மாரித்தாயின் பாத்திரங்களை வெளியே எறிந்தார்கள். நோயில்லாத அவளுடைய பசுவைத் தேக்கு மரத்தில் கட்டி, டீசல் ஊற்றி, உயிரோடு கொளுத்தினார்கள். கொளுத்தியவர்களில் ஆனந்தியின் அண்ணனும் இருந்தான். பத்து வருடம் அவன் குடித்தது அந்த வீட்டுப் பால்.

செல்வப்பிரியா பரிசோதனை அறிக்கையை முழுதாகப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கிருமி டின்னின் விளிம்பிலும் மேல்தூளிலும் மட்டும். அடித்தூளில் இல்லை. விரல் பட்ட இடத்தில் மட்டும் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அறிக்கையை எடுத்துக்கொண்டு மேலதிகாரி ரத்தினசாமியிடம் போனாள். பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், அவளை வேலைக்குப் பழக்கியவர்.

"க்ளவுஸ் மாத்துனேன்னு நீதான எழுதிருக்கற?"

"ஆமாங்க சார். ஆனா மாத்தலீங்க."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "நீ சாட்சி சொல்லி எத்தன பேரு உள்ள இருக்கறாங்க தெரியுமா? இருபத்திரண்டு. ஒருதரம் பொய் எழுதுனேன்னு நீயே கோர்ட்டுல சொன்னீன்னா, அத்தன வக்கீலும் அப்பீலுக்குப் போவான். பச்சப் புள்ளையக் கெடுத்தவனும் அதுல இருக்கறான். ஒருத்தனுக்காக அவனுங்கள அவுத்து உடறயா?"

அவள் அறிக்கையை மடித்து எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்து அடுத்த வழக்கின் மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டினாள். அப்படியே பதினாலு மாதம் போயிற்று. தினமும் சாப்பிட்டாள், தூங்கினாள். தூக்கம் வந்ததுதான் தன்னை மிகவும் பயமுறுத்தியது என்று பிறகு தங்கை அனுப்பிரியாவிடம் சொன்னாள்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது சுருளியை இரண்டு போலீஸ்காரர்கள் தாங்கிக் கூட்டி வந்தார்கள். குதிகாலை ஊன்ற முடியாமல் பாதத்தின் ஓரத்தால் நடந்தார். அவருடைய வக்கீல் சம்பிரதாயத்துக்குக் கேட்டார், கையுறை மாற்றினீர்களா என்று. கேட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றாள் செல்வப்பிரியா.

வக்கீலுக்கே அது உறைக்கச் சற்று நேரமானது. அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. கையுறை, விளிம்பு, அடித்தூள் எல்லாவற்றையும் சொன்னாள். சுருளி சொன்னதாக ஸ்டேஷனில் கேள்விப்பட்ட சதுப்புக் குளத்தையும், பழைய மாட்டெலும்போடு இந்தக் கிருமி மண்ணில் பல வருடம் சாகாமல் கிடக்கும் என்பதையும் சொன்னாள். ஜின்சன் எழுந்து வெளியே போய்விட்டார்.

தீர்ப்பன்று சுருளி விடுதலையானார். கோர்ட்டு முற்றத்தில் மாரித்தாயோடு ஜீப்புக்குக் காத்து நின்றவரிடம் செல்வப்பிரியா போனாள்.

"என்னைய மன்னிச்சிருங்கண்ணா" என்றாள்.

"இந்தக் காது கேக்காது. அந்தப் பக்கமா வந்து சொல்லுங்க."

சுற்றிக்கொண்டு போய் மறுபடியும் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார். "பதினாலு மாசமா எங்க இருந்தீக?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மாரித்தாய் அவள் முகத்தைப் பார்க்காமல், "அவுகளோட பேச்சு என்னத்துக்கு, வண்டி வருது" என்று கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். லயத்துக்கு அவர்களை யாரும் திரும்பச் சேர்க்கவில்லை. விடுதலையானாலும் ஆனந்தியைக் கொன்றவன் சுருளிதான் என்று அங்கே இன்றைக்கும் சொல்கிறார்கள்.

குளத்தை யாரும் சோதிக்கவில்லை. முதலாளி அதற்குள் கல்லும் மண்ணும் போட்டு மூடியிருந்தார்.

செல்வப்பிரியாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். பொய் ஆவணம் எழுதியதாக ஒரு வழக்கும் நடக்கிறது. ரத்தினசாமி சொன்னது நடக்க ஒரு வருடம்தான் பிடித்தது. மனைவிக்கு விஷம் வைத்துக் கொன்று உள்ளே இருந்த பிச்சைமணி அப்பீலில் முதலில் வெளியே வந்தான். அந்த வழக்கில் அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தாள். அதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை.

பிச்சைமணி கொன்ற பெண்ணின் அம்மா செல்வலட்சுமி எப்படியோ செல்வப்பிரியாவின் நம்பரைக் கண்டுபிடித்து அழைத்தாள்.

"போடிமெட்டு செக்போஸ்டுல நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்தான். என்னயப் பாத்துச் சிரிச்சான்."

"உங்க மக கேசுல நான் எதையுமே தப்பாச் செய்யலீங்கம்மா."

"இருக்கட்டும். இப்ப யாரு நம்புவா?"

அந்த அம்மாள் வாரம் ஒருமுறை அழைக்கிறாள். எங்கே பார்த்தாள், என்ன சட்டை போட்டிருந்தான், யாரோடு பேசிக்கொண்டிருந்தான் என்று சொல்வாள். சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். செல்வப்பிரியா ஒருமுறைகூட எடுக்காமல் விட்டதில்லை.