பெட்டியைக் கொண்டுவாங்கோ, அண்ணை

சாவுச் செய்தி எனக்கு எப்போதும் வேலையாகத்தான் வந்துசேரும். மரண அறிவித்தலும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலரும் எழுதிக்கொடுப்பது என் தொழில். குடாநாட்டில் இறந்தவர்களில் பாதிப் பேர் என் எழுத்தில் ஏறித்தான் சிவலோகம் போனார்கள்; மீதிப் பேர் நடந்து போயிருக்கலாம். அன்று காலையும் தொலைபேசி அடித்தது. யார் கதைப்பது என்றுகூடக் கேட்காமல், தாளை எடுத்து வைத்துக்கொண்டு வழக்கமான ஒழுங்கில் கேட்டேன். பிறந்த இடம் உடுவில். வசித்த இடம் மானிப்பாய். வயது ஐம்பத்திரண்டு. தொழில், கொம்பியூட்டர் திருத்துறவர். அந்த இடத்திலாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். "பெயர்?" என்றேன்.

"அண்ணை, நான் சாந்தினி. இவர்தான் அண்ணை. விடிய நெஞ்சு நோகுதெண்டு சொன்னவர். வாகனம் வர முன்னம் முடிஞ்சுது."

குகதாசன் என்று தாளில் எழுதினேன். எழுதிவிட்டு அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். ஏனென்றால் இரண்டு மாதங்களாக அந்தப் பெயரை நான் ஊரெல்லாம் வேறு விதமாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவனுடைய இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலர் அதை என் வாயாலேயே கேட்டவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

குகனின் கடை அவனுடைய வீட்டு முன்னறைதான். அவனும் மனைவி சாந்தினியும் ஒரே மேசையின் இரண்டு பக்கத்திலும் இருந்து வேலை செய்வார்கள். என் கணினியின் சோம்பேறித்தனத்தைப் பற்றி முறையிட முதன்முதலில் அங்கே போனபோது, நான் வெறுங்கையோடு போகவில்லை. ஒரு முழு வர்ணனையோடு போனேன். பொத்தானை அழுத்திவிட்டு, பஸ் ஏறிச் சாவகச்சேரிக்குப் போய், சந்தையில் பலாப்பழம் பேரம்பேசி வாங்கி, வீட்டுக்கு வந்து பிளந்து, சுளை தின்று, கையில் ஒட்டிய பாலை எண்ணெய் போட்டுக் கழுவி முடித்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். குகன் சிரிக்கவில்லை.

"எண்ணிப் பாத்தனீங்களோ, அண்ணை?"

"இதை எண்ணவும் வேணுமோடா?"

அவன் கணினியைப் போட்டுவிட்டுத் தன் கைப்பேசியில் நேரம் பிடித்தான். எல்லோரும் பேசாமல் நின்றோம். கோயிலில் தீபம் காட்டும்போதுகூட நான் அவ்வளவு அமைதியாக நின்றதில்லை. "ஆறு நிமிசம் பத்து செக்கன். பலாப்பழத்துக்குக் காணாது, அண்ணை. ஒரு பிளேன்ரீ குடிக்கலாம்" என்றான்.

அதுதான் குகன். நான் ஆயிரம் என்றால் அவன் எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்பான். கேலியாகக் கேட்க மாட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்பான். அதுதான் எனக்குப் பொறுக்காது.

கணினிக்கு நோய் ஒன்றும் இல்லை, அது குடியிருக்கும் இடம்தான் பழசு என்று சொன்னான். சுழலும் பழைய டிஸ்க்கிலிருந்து இயங்குதளத்தை அப்படியே எடுத்து எஸ்.எஸ்.டி. என்கிற புதிய வகை டிஸ்க்குக்கு மாற்றினால் பறக்கும் என்றான். "எல்லாத்தையும் கொப்பி பண்ணிவிடன்" என்றேன், ஏதோ தெரிந்தவன்போல.

"கொப்பி பண்ணுறது சாமான் ஏத்துறது மாதிரி. இது வீட்டையே தூக்கிக்கொண்டு போறது, அண்ணை. கதவு, பூட்டு, திறப்பு, எந்தச் சுவிச்சுக்கு எந்த லைற் எண்டதெல்லாம் ஒண்டும் மாறாமல் போகவேணும். வீட்டுக்காரன் பக்கத்திலை நிக்கவேணும். போகாதேங்கோ."

காலையில் தொடங்கி மத்தியானம் வரை என்னை அங்கே இருத்தி வைத்திருந்தான். அவனுக்கு ஒரு வழக்கம் இருந்ததை நான் கண்டது அன்றுதான். மாற்றி முடித்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி, பேப்பரில் சுற்றி, ஒட்டுநாடாவில் பெயரும் திகதியும் எழுதி ஒட்டி, சுவர்த் தட்டில் வைப்பான். முப்பத்தொரு நாள் கழிந்த பிறகுதான் அதை அழிப்பான்.

"டிஸ்க்குக்கு அந்தியேட்டி செய்யிற மனிசன் இந்த ஈரேழு உலகத்திலும் நீ ஒருத்தன்தான்" என்றேன்.

"சிரியுங்கோ. விட்டுப்போனது என்னெண்டு ஆக்களுக்கு உடனை தெரியாது, அண்ணை. போன மாசம் ஒராள் முப்பதாம் நாள் ஓடி வந்து மகளின்ரை கலியாணப் படத்தைக் கேட்டவர். முப்பத்தொரு நாள் கழியட்டும்."

நல்ல வழக்கம். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ரை செத்த ஆக்கள் எல்லாரும் அதுக்குள்ளை இருக்கினம். உன்ரை தட்டிலை அநாதையா விடமாட்டன். பழையதும் கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள்ளையே இருக்கட்டும்" என்று பெரிய பேச்சுப் பேசினேன். பேச்சுத்தான் பெரிது, உள்ளே இருந்தது வெறும் நம்பிக்கையீனம். அவன் நாலைந்து தரம் சொன்னான். இல்லை, இரண்டு தரம். "ஒரு பெட்டிக்குள்ளை ரெண்டு பேர் நான்தான் வீட்டுக்காரன் எண்டு இருக்கக்கூடாது, அண்ணை. ஒரு நாளைக்குப் பிழையான ஆள் எழும்பிக் கதவைத் திறப்பார்." நான் அசையவில்லை. கடைசியில் விட்டுக்கொடுத்தான். ஒரு துண்டு நாடாவில் ஏதோ எழுதி, பழைய டிஸ்க்கில் ஒட்டி, பெட்டியை மூடினான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தி நேரம் பிடித்தோம். பதினெட்டு விநாடி.

மூன்று கிழமை நன்றாகத்தான் போனது. சாவகச்சேரியில் காலமான ஓர் ஆசிரியையின் நினைவு மலரை அந்த மூன்று கிழமையில் எழுதி முடித்திருந்தேன். ஒரு மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்தது. திரும்ப நான் கணினியைப் போட்டபோது அது பழையபடி ஊர்ந்தது. மூலையில் திகதி பல வருடம் பின்னால் நின்றது. திரை வந்ததும் பார்க்கிறேன், ஆசிரியையின் மலரைக் காணவில்லை. அந்தியேட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள்.

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் அவன் கடைக்குப் போனேன். உள்ளே மூன்று பேர் நின்றார்கள்.

"குகன், என்ரை முப்பது வருச எழுத்தை எங்கையடா கொண்டுபோய்த் தொலைச்சனி?"

"முதல் இருங்கோ, அண்ணை. எத்தினை ஃபைல் காணேல்லை? எண்ணிப் பாத்தனீங்களோ?"

"எண்ணுறதுக்கு ஏதும் மிஞ்சியிருந்தால் எல்லோ எண்ணுறது!"

"பெட்டியைக் கொண்டுவாங்கோ, அண்ணை. பெட்டியைக் காணாமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"இனி உன்ரை கை என்ரை பெட்டியிலை படாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். நாடக மேடையாக இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

மலரை நான்கு நாளில் மறுபடி எழுதினேன். அவசரத்தில் ஒரு பேத்தியின் பெயர் விடுபட்டது. அச்சிட்டு வந்த பிறகு, பிள்ளையின் தகப்பன் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "என்ரை மகள் உங்களுக்கு என்ன செய்தவள்?" என்று கேட்டார். அந்தப் பழியையும் குகன் தலையிலேயே போட்டேன்.

அதற்கு மறுநாள் அவன் என் வீட்டு வாசல் படலைக்கு வந்தான். நூறு முறை வந்தான் என்று முன்பென்றால் எழுதியிருப்பேன். ஒரு முறைதான் வந்தான். நான் இல்லை என்று சொல்லச் சொல்லி மனைவியை அனுப்பிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றேன். என் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றது. என் செருப்பு வாசலில் கிடந்தது. அவன் இரண்டையும் பார்த்திருப்பான்.

"பரவாயில்லை, அக்கா. அண்ணை வந்தால் ஒண்டு மட்டும் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ. இப்ப வேகமாத் தொடங்குதோ, மெதுவாத் தொடங்குதோ?"

அதற்கு விடை எனக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி ஒரு சொல் சொன்னால் போதும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவனுடைய சைக்கிள் போகும் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

பிறகு ஊருக்குச் சொன்னேன். ஒரு மலர், மூன்று கிழமை வேலை. அதை முப்பது வருடமாக்கினேன், நூறு மலராக்கினேன். என் வாய் அப்படிப்பட்டது, நீங்கள் அறிவீர்கள். செத்தவரை உயர்த்தப் பழகிய வாய், உயிரோடு இருந்தவனை அதே வேகத்தில் கீழே இறக்கியது. ஒரு பள்ளிக்கூடத்தின் கணினிகள் எல்லாவற்றையும் இதேபோல் புதிய டிஸ்க்குக்கு மாற்றும் வேலை குகனுக்கு வரவிருந்தது. அந்தப் பள்ளிக்கூட அதிபரும் அவனைப் பற்றி என்னிடம் கேட்டார். அவருக்கும் சொன்னேன். அந்த வேலை வேறு ஒருவருக்குப் போனது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்து, இந்த மலரைப் பற்றிக் கதைக்கச் சாந்தினி தொலைபேசி எடுத்தார். பக்கங்களைத் தொலைபேசிக்கு அனுப்பினேன். என்னுடைய பழைய எழுத்துரு அதில் உடைந்துபோய் வந்தது. "பெட்டியைக் கொண்டுவாங்கோ, அண்ணை. இஞ்சை வைச்சுப் பாப்பம்" என்றார். அதே சொல். ஓட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்துவைத்திருக்க வேண்டிய அடி அது.

குகனின் மேசையில் வைத்துப் போட்டோம். வட்டம் சுற்றியது. சாந்தினி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உது ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது? இவர் மாத்தித் தந்தவரெல்லே?"

"அது கன நாளா இப்பிடித்தான், பிள்ளை."

"திகதியும் பிழை. நீங்கள் காணேல்லையோ?"

"கண்டனான்."

அவர் பெட்டியைத் திறந்தார். காசளவு வட்டமான ஒரு பற்றறியை நகத்தால் கிளப்பி எடுத்தார். "இது செத்துப்போச்சு, அண்ணை. கரண்ட் போனால் இவருக்கு எல்லாம் மறந்துபோகும். மறந்தால் முதல் வயரிலை இருக்கிறவரைத்தான் எழுப்புவார். அது உங்கடை பழையவர். ரெண்டும் ஒரே அச்சு எண்டபடியால், ஒராள் எழும்பினால் மற்றவரைத் திரையிலை காட்டாது."

பழையதைக் கழற்றி, பற்றறியை மாற்றி, பொத்தானை அழுத்தினார். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினெட்டு. திரையில் ஆசிரியையின் மலர் முழுதாக இருந்தது. பேத்தியின் பெயரும் இருந்தது.

சாந்தினி கழற்றிய டிஸ்க்கைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த நாடாவை வாசித்தார். பிறகு அதை என்னிடம் தந்தார். குகனின் சின்ன எழுத்து. வெளியே போகும் நாட்களில் மனைவிக்குக் குறிப்பு எழுதிவைப்பது அவன் வழக்கம். 'சாந்தி, அண்ணையின்ரை பழையது. அவர் கேட்டு உள்ளை விட்டது. இதிலை தொடங்கினால் பற்றறியைப் பார். அண்ணையை ஏசவேண்டாம்.'

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன்.

"நான் ஊரிலை கதைச்சது அவனுக்குத் தெரியுமோ, பிள்ளை?"

"ஓம். அண்ணை பத்தை நூறாத்தான் சொல்லுவார், ஆக்களுக்குத் தெரியும், பத்தாலை பிரிச்சுத்தான் கேப்பினம் எண்டு சொன்னவர்." பழைய பற்றறியைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஆக்கள் பிரிக்கேல்லை, அண்ணை."

அந்த இரண்டு மாதமும் நான் பழையதில் எழுதியவற்றை அவரே புதியதற்கு மாற்றித் தந்தார். பழைய டிஸ்க்கைப் பேப்பரில் சுற்றித் தட்டில் வைத்தார். இந்த முறை நான் மறுப்புச் சொல்லவில்லை. நாடாவை மட்டும் கேட்டு வாங்கினேன்.

நான் சொன்னவர்கள் பதினொரு பேர். நூறு என்று எழுதத்தான் கை போனது; எண்ணிப் பார்த்தேன். பத்துப் பேரை நேரில் கண்டும், ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தும் உண்மையைச் சொன்னேன். அதிபர் மட்டும் கேட்டார்: "உங்கடை சொல்லை நம்பித்தானே வேறை ஆளுக்குக் குடுத்தனாங்கள். இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?" அந்தப் பதினொரு பேரும் யார் யாருக்குச் சொன்னார்களோ, அவர்களை எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால், இதை வாசியுங்கள்: குகதாசன் என் கோப்பு ஒன்றையும் தொலைக்கவில்லை. ஒன்றை அவன் தொலைத்ததாக நான் நினைத்தேன். அது அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. சாந்தினி அடுத்த கிழமை கடையைத் திறக்கிறார்.

அந்த நாடா இப்போது என் கணினியின் முகப்பில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு மரண அறிவித்தல் எழுதும்போதும் 'எண்ணிப் பாத்தனீங்களோ' என்று அவன் கேட்பது கேட்கிறது. இவ்வூரில் இனி இறப்பவர்கள் சற்றுக் குள்ளமாகத்தான் சிவலோகம் போவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவனிடமிருந்து என்னோடு உண்மையில் தங்கிவிட்டது, படலையில் நின்று அவன் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அதற்கு நான் கடன்பட்ட விடையை, முப்பத்தோராம் நாளான இன்றாவது, எல்லோரும் கேட்கச் சொல்கிறேன்.

மெதுவாத்தான் தொடங்கினது, தம்பி.